நத்தார்: ஒரு பிறந்தநாளின் பூர்வீகம்

மன்னாரிலிருந்து நண்பர் ஒருவர் அனுப்பிய வாழ்த்து அட்டையில்தான் அந்தச் சொல்லை முதலில் பார்த்தேன்: 'இனிய நத்தார் வாழ்த்துகள்'. நான் பாளையங்கோட்டையில் வளர்ந்தவன். நத்தம் தெரியும், நத்தை தெரியும். நத்தார் யார் என்று விளங்கவில்லை. யாரோ ஊர்ப் பெரியவர் பெயர் என்றே நினைத்துக்கொண்டேன். சில வருடம் கழித்து அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது அவருடைய அம்மா கேட்டார்: "தம்பி, நத்தாருக்கு உங்கட ஊரில என்ன பலகாரம் செய்வியள்?" கிறிஸ்மஸுக்கா என்று நான் திருப்பிக் கேட்டதும் சிரித்துவிட்டார். "கிறிஸ்மஸ் எண்டது இங்கிலீஷ், தம்பி. தமிழில நத்தார்."

அம்மா சொன்னதில் பாதி சரி. நத்தார் இங்கிலீஷ் இல்லை. தமிழும் இல்லை; போர்த்துக்கீசியம். கிறிஸ்து பிறப்புப் பண்டிகையைப் போர்த்துக்கீசியர் 'நத்தால்' என்பார்கள். சொல்லின் நடுவில் ஒற்றைத் தகரம் நின்றால் தமிழ் நாக்கு அதை இளக்கிவிடும். வல்லோசையைக் காப்பாற்ற அதை இரட்டிக்க வேண்டும். காலணிக்கு இலங்கையில் வழங்கும் 'சப்பாத்து' வந்த வழியும், நம் குளத்தில் நீந்தும் 'வாத்து' வந்த வழியும் இதுவே. இரண்டுமே போர்த்துக்கீசியச் சரக்கு. சிங்களத்தில் 'நத்தல்' என்று லகரம் அப்படியே நின்றுவிட்டது. ஈழத்தமிழில் அது ரகரமாகி, பாட்டனார், மாமனார் வரிசையில் மரியாதையாக உட்கார்ந்துகொண்டது. ஆக, அதைப் பெரியவர் பெயர் என்று நான் நினைத்தது முழுத் தவறு அல்ல. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

இந்தச் சொல்லை நான் துருவ ஆரம்பித்ததற்கு வேறொரு காரணம் உண்டு. ஒவ்வொரு டிசம்பரிலும் எங்கள் பக்கம் ஆலய வாசலில் ஒரு துண்டுப்பிரசுரம் கைக்கு வரும். கிறிஸ்மஸ் அஞ்ஞானிகளின் பண்டிகை, மரம் பாபிலோனுடையது, நட்சத்திரம் அந்நிய தேவதையுடையது, டிசம்பர் 25 சூரியனுடைய நாள், எனவே விசுவாசிகள் விலகி நிற்க வேண்டும் என்று அதில் இருக்கும். இப்போது அதுவே கைப்பேசியிலும் வருகிறது. ('அஞ்ஞானி' என்ற சொல்லை நான் எழுதமாட்டேன். பக்கத்து வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூசுகிற சொல் அது. இந்தக் கட்டுரையில் 'பழைய ரோமச் சமயத்தார்' என்றே சொல்கிறேன். பேச்சு அவர்களைப் பற்றியதுதான்.) பிரசுரம் எழுதுகிறவர்கள் மரத்திலும் தேதியிலும் தேடுகிறார்கள். பண்டிகையின் பெயரில் ஒருவரும் தேடியதில்லை. உண்மையில் பழைய ரோமச் சமயம் மறுக்க முடியாதபடி படிந்திருப்பது அங்கேதான்.

'நத்தால்' என்பதன் தாய்ச்சொல் லத்தீனின் 'நாத்தாலிஸ்'. பிறப்புக்குரிய நாள் என்று பொருள். ரோமானியருக்கு அது வெறும் காலக்கணக்கு அல்ல, வழிபாட்டு நாள். ஆண் ஒவ்வொருவனுக்கும் 'கேனியுஸ்' என்ற காவல்தெய்வம் உண்டு. பெண்ணுக்கு அது 'யூனோ'. பிறந்தநாளன்று வெள்ளாடை உடுத்தி, அந்தத் தெய்வத்துக்குத் தூபமும் திராட்சரசமும் தேன் அப்பமும் படைப்பார்கள். கி.பி. 238இல் சென்சோரினுஸ் என்ற அறிஞர் தம் புரவலருக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு நூலையே எழுதிக் கொடுத்தார். அதன் பெயரும் பிறந்தநாளைப் பற்றியது என்பதே. அன்றைக்கு மிருகபலி இடுவதில்லை என்ற பழைய வழக்கத்தை அவர் குறிப்பிடுகிறார். தான் உயிர்பெற்ற நாளில் இன்னொன்றின் உயிரை எடுக்கக்கூடாது என்பது காரணமாம். இந்த இடத்தில் எனக்கு அந்த ரோமானியர் மேல் மரியாதை வந்துவிட்டது.

தீபுல்லுஸ் போன்ற கவிஞர்கள் ஒரு படி மேலே போய், பிறந்தநாள் தெய்வத்தையே 'நாத்தாலிஸ்' என்று ஆள்போல விளித்துப் பாடினார்கள். பலிபீடத்துக்கு வருகிற ஓர் ஆள், ஒரு சிறுதெய்வம். பதினைந்து நூற்றாண்டு கழித்துத் தமிழ் ஓர் 'ஆர்' சேர்த்து அவரை மறுபடி ஆளாக்கியது தற்செயல்தான். ஆனாலும் ரசிக்கத்தக்க தற்செயல்.

அரசர்களுக்கும் பெருந்தெய்வங்களுக்கும் மட்டுமே உரிய சொல்லாக அது இருக்கவில்லை. வட இங்கிலாந்தில் விண்டொலாண்டா என்ற ரோமக் கோட்டையின் மண்ணிலிருந்து மெல்லிய மரச்சீவலில் மையால் எழுதிய கடிதங்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. அவற்றில் ஒன்று ஏறக்குறைய கி.பி. 100இல் எழுதப்பட்டது. கிளௌதியா செவேரா என்ற பெண், கோட்டைத் தளபதியின் மனைவி சுல்பிசியா லெப்பிதினாவைத் தன் பிறந்தநாளுக்கு அழைக்கிறாள். நாள் செப்டம்பர் 11. கடிதத்தின் உடலை எழுத்தர் எழுத, கடைசியில் அவளே தன் கையால் சில வரி சேர்த்திருக்கிறாள். பெண் ஒருத்தி லத்தீனில் எழுதிய மிகப் பழைய கையெழுத்துகளில் ஒன்று என்று அதைச் சொல்கிறார்கள். அந்தக் கடிதத்தில் இருக்கிறது 'நாத்தாலிஸ்'. அதே சொல்தான் மன்னார் அம்மாவின் வாயில் 'நத்தார்' என்று வந்தது.

சரி, வேதாகமத்தில் இந்தச் சொல் யாரோடு சேர்ந்து வருகிறது? நான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரோம் தந்த லத்தீன் வேதாகமத்தைத் திறந்தால் திகைப்பு காத்திருக்கிறது. ஆதியாகமம் 40இல் பார்வோனின் பிறந்தநாள். அன்று சுயம்பாகிகளின் தலைவன் தூக்கிலிடப்படுகிறான். மாற்கு 6இலும் மத்தேயு 14இலும் ஏரோதின் பிறந்தநாள். அன்று யோவான் ஸ்நானகனின் தலை தாலத்தில் வருகிறது. எங்கள் வேதாகமத்தில் இல்லாமல் கத்தோலிக்க விவிலியத்தில் இருக்கும் மக்கபேயர் இரண்டாம் நூலில், மன்னனின் பிறந்தநாள் பலிவிருந்துக்கு யூதர்களைக் கட்டாயமாக இழுத்துப் போகிறார்கள். மூன்று பிறந்தநாள், மூன்றிலும் கொடுமை. மூன்றுக்கும் லத்தீனில் 'நாத்தாலிஸ்' அல்லது அதன் உடன்பிறப்புச் சொல்.

ஆதித் திருச்சபையின் பெரும் அறிஞர் ஒரிஜன் இதைக் கவனித்தவர். கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் லேவியராகமத்தைப் பற்றிப் பிரசங்கிக்கும்போது, பரிசுத்தவான்கள் எவரும் தம் பிறந்தநாளைக் கொண்டாடியதாக வேதத்தில் இல்லை, கொண்டாடியவர்கள் பார்வோனும் ஏரோதுமே என்கிறார். யோபுவும் எரேமியாவும் தாங்கள் பிறந்த நாளைச் சபித்தவர்கள் என்றும் நினைவூட்டுகிறார். கிறிஸ்தவனுக்குப் பிறந்தநாள் என்பதே ஆகாது என்ற எண்ணம் அன்று பலமாக இருந்தது. இன்று யெகோவாவின் சாட்சிகள் கிறிஸ்மஸைக் கொண்டாடாததோடு சொந்தப் பிறந்தநாளையும் கொண்டாடுவதில்லை. காரணமாகப் பார்வோனையும் ஏரோதையும் காட்டுகிறார்கள். அவர்களுடைய உபதேசத்தோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஒன்றைத் தள்ளினால் இன்னொன்றையும் தள்ள வேண்டும் என்ற நேர்மையை மறுக்க முடியாது. எங்களுக்குப் பிரசுரம் தந்த பெரியவர் அடுத்த மாதம் தம் பேரனின் முதல் பிறந்தநாளுக்கு எங்கள் எல்லாரையும் அழைத்தார். கேக் நன்றாக இருந்தது. தேன் அப்பத்துக்கும் கேக்குக்கும் இடைப்பட்ட தூரத்தை நான் அன்று அவரிடம் சொல்லவில்லை.

இனி நடந்ததுதான் இந்தச் சொல்லின் வாழ்க்கையில் பெரிய திருப்பம். வேண்டாம் என்று வைத்த சொல்லைக் கிறிஸ்தவர்கள் எடுத்தார்கள். எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் சிமிர்னா நகரத்து முதிய கண்காணியார் பொலிகார்ப் இரத்தசாட்சியாக மரித்தார். அந்தச் சபையார் எழுதிய நிருபம், அவர் மரித்த நாளை ஆண்டுதோறும் அவருடைய 'பிறந்தநாளாக' ஆசரிப்போம் என்கிறது. அது கிரேக்க மொழியில். லத்தீன் சபைகளும் அதே பாதையில் போயின. இரத்தசாட்சியின் 'நாத்தாலிஸ்' என்றால் அவர் உலகத்துக்கு வந்த நாள் அல்ல, பரலோகத்தில் பிறந்த நாள். வாளோ நெருப்போ மிருகமோ முடித்துவைத்த நாள்.

தமிழ் வாசகருக்கு இதை விளக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை. ஆழ்வார்களுக்குத் திருநட்சத்திரம் அவர்கள் அவதரித்த நாளில். நாயன்மார்களுக்குக் குருபூசை அவர்கள் முக்தியடைந்த நாளில். ஆதிக் கிறிஸ்தவர்கள் இரண்டாவது கட்சி. ஆனால் அவர்கள் குருபூசை நாளைத் திருநட்சத்திரம் என்று அழைத்தார்கள். சக்கரவர்த்தியின் பிறந்தநாள் விளையாட்டரங்கில் சில இரத்தசாட்சிகளின் உயிர் போனது என்பதை நினைத்தால், அந்தச் சொல்லை அவர்கள் பறித்துக்கொண்டதில் இருந்த துணிச்சல் புரியும்.

ஆகவே நான்காம் நூற்றாண்டில் ஒரு கிறிஸ்தவனிடம் 'நாத்தாலிஸ்' என்றால் அவன் முதலில் ஒரு கல்லறையை நினைத்திருப்பான். பெத்லகேமின் முன்னணை பிறகே வருகிறது. இதற்கு ஒரு நல்ல சாட்சி உண்டு: கி.பி. 354ஆம் ஆண்டுக்காக ரோமாபுரியில் தயாரான ஒரு நாட்காட்டிப் புத்தகம். எழுத்தழகர் பிலோக்காலுஸ் என்பவர் வாலெந்தினுஸ் என்ற கிறிஸ்தவச் செல்வருக்காகச் செய்தது. மூலம் தொலைந்துவிட்டது, பிரதிகளின் பிரதிகள் நம்மிடம் உள்ளன. நம் ஊர்ப் பஞ்சாங்கம் போல எல்லாம் அதில் இருக்கிறது: அரசு விடுமுறைகள், நகராளுநர்களின் பட்டியல், ரோமக் கண்காணியார்கள் அடக்கமான நாட்கள், இரத்தசாட்சிகளின் நாட்கள்.

அரசு விழாப் பட்டியலில் டிசம்பர் 25க்கு எதிரே 'வெல்லற்கரியவரின் நாத்தாலிஸ்' என்றும், அன்று முப்பது தேரோட்டங்கள் என்றும் சுருக்கக் குறிப்பு. வெல்லற்கரியவர் என்பது சூரியன் என்றே பொதுவாகக் கொள்கிறார்கள். அதே புத்தகத்தில் இரத்தசாட்சிகளின் பட்டியல் அதே டிசம்பர் 25இல் தொடங்குகிறது. முதல் பதிவு யூதேயாவின் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்ததைக் குறிக்கிறது. அந்தப் பட்டியல் 336 வாக்கில் தொகுக்கப்பட்டது என்பது ஆய்வாளர் கணிப்பு. அதிலேயே பிப்ரவரி 22, பேதுரு ஆசனம் ஏறிய நாளின் 'நாத்தாலே' என்று வருகிறது. பிறப்பு, இறப்பு, பதவியேற்பு என்று மூன்றுக்கும் ஒரே சொல் ஓடிக்கொண்டிருந்த காலம். வாலெந்தினுஸ் காலையில் எந்தப் பக்கத்தைப் புரட்டினார், மாலையில் தேரோட்டம் பார்க்கப் போனாரா என்று யோசித்துப் பார்க்கிறேன். போயிருப்பார் என்றே படுகிறது.

யார் யாரிடமிருந்து அந்த நாளை எடுத்தார்கள்? இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பிரசுரங்கள் இதை ஏற்கெனவே மிக நீளமாகச் சொல்லியாயிற்று. சூரியப் பண்டிகையை மறைக்கவே சபை அந்தத் தேதியைத் தேர்ந்தது என்பது ஒரு கட்சி. பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சிரியக் கண்காணியார் பார் சலீபியின் ஏட்டோரத்தில் பிற்கால எழுத்தர் ஒருவர் இப்படிக் குறித்து வைத்திருக்கிறார். மற்றொரு கட்சி, 1889இல் பிரெஞ்சு அறிஞர் லூயி துஷேன் முன்வைத்தது: கிறிஸ்து மரித்த நாள் மார்ச் 25 என்று கணித்தவர்கள், அவர் கருவில் உருவானதும் அதே நாள் என்று கொண்டார்கள். ஒன்பது மாதம் கூட்டினால் டிசம்பர் 25. அகுஸ்தீன் தம் திரித்துவ நூலில் இதே கணக்கைச் சொல்கிறார். 274இல் சக்கரவர்த்தி அவுரேலியன் சூரியனுக்குக் கோயில் கட்டியது உண்மை. அதன் குடமுழுக்கு டிசம்பர் 25இல் நடந்தது என்பது ஊகம். டிசம்பர் 25ஐச் சூரியனுக்கு எழுதிவைத்த நாட்காட்டிகளில் நமக்குக் கிடைத்தவற்றுள் பழையதே நான் மேலே சொன்ன 354ஆம் ஆண்டுப் புத்தகம்தான். அதில் பெத்லகேமும் இருக்கிறது. ஆகவே திருட்டு என்று தீர்ப்பெழுத என் கை வராது.

நிம்ரோத், செமிராமிஸ், தம்மூஸ் என்று பிரசுரங்கள் அடுக்கும் பாபிலோன் கதையின் தொகுப்பாளர் அலெக்சாண்டர் ஹிஸ்லப். ஸ்காட்லாந்தின் ஆர்ப்ரோத் ஊர்ப் போதகர். அவருடைய 'இரண்டு பாபிலோன்கள்' 1853இல் சிறு நூலாக வந்து 1858இல் விரிந்தது. ரோமச் சபையை அடிக்க அவருக்கு ஒரு தடி வேண்டியிருந்தது. ஒலி ஒத்த பெயர்களையெல்லாம் சேர்த்துக் கட்டிக்கொண்டார். நிம்ரோத் டிசம்பர் 25இல் பிறந்ததாக எந்தப் பழைய களிமண் பலகையும் சொல்லவில்லை. மரத்தின் கதையும் இப்படித்தான். ரைன் நதிக்கரை ஜெர்மானியர் வீடுகளில் ஆப்பிளும் அப்பமும் காகிதப்பூவும் கட்டிய ஊசியிலை மரம் நின்றதாக ஸ்ட்ராஸ்பூர்க் நகரக் குறிப்பு ஒன்று 1605இல் சொல்கிறது. அது கிறிஸ்தவம் அங்கே வேரூன்றி எண்ணூறு ஆண்டுக்கு மேல் ஆன பிறகு.

இதனால் பழைய சமயத்தின் காற்று சபைக்குள் வீசவே இல்லை என்று சொல்ல வருகிறேனா? இல்லை. வீசியது, சபைப் பெரியவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். வடஆப்பிரிக்காவின் தெர்த்துல்லியன் மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே குமுறுகிறார்: நம் ஆட்கள் ரோமானியரின் டிசம்பர்ப் பண்டிகையான சாட்டர்னேலியாவுக்குப் பரிசு கொடுத்து வாங்குகிறார்கள், விளக்கும் புன்னைக்கொத்து போன்ற லாரல் தழையும் இல்லாத வாசலைத் தேடினால் கிறிஸ்தவர் வீட்டைவிட மற்றவர் வீடுகளே அதிகம் அகப்படும். டிசம்பர் முதல் தேதியே வாசலில் நட்சத்திரம் கட்டும் எங்கள் தெருவை அவர் பார்த்திருக்க வேண்டும்.

ஐந்தாம் நூற்றாண்டு ரோமாபுரியில் நடந்தது இன்னும் கூர்மையானது. முதலாம் லியோ, பழைய கத்தோலிக்கத் தமிழில் பெரிய சிங்கராயர், 440 முதல் 461 வரை அங்கே கண்காணியார். கிறிஸ்து பிறப்பு நாள் பிரசங்கத்தில் தம் மந்தையைத் திட்டுகிறார். பேதுரு ஆலயத்தின் படிகளில் ஏறி மேலே போய், உள்ளே நுழையும் முன் திரும்பி, உதிக்கும் சூரியனுக்கு நேராகக் குனிந்து வணங்கிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்களாம். படைத்தவரைத்தான் வணங்குகிறோம் என்று அவர்கள் சொல்லக்கூடும், அப்படியானாலும் இப்போதுதான் பழைய வழக்கத்தை விட்டு வந்தவன் இதைப் பார்த்தால் என்ன நினைப்பான் என்கிறார். வேறொரு பிரசங்கத்தில், இந்த நாளின் பெருமை கிறிஸ்துவின் பிறப்பால் அல்ல, புதுச் சூரியன் எழுவதால் என்று நினைப்பவர்களைச் சாடுகிறார். சபைத் தலைவரே ஒத்துக்கொண்ட கலப்பு இது. இதற்கு எந்தத் துண்டுப்பிரசுரமும் தேவையில்லை. அதே பேதுரு ஆலயத்தின் அடியில் உள்ள பழைய கல்லறைகளில் ஒன்றின் கூரையில், கதிர்கள் சூழ்ந்த தலையோடு குதிரை பூட்டிய தேரில் ஏறி வரும் ஒருவரைக் கற்சில்லுகளால் பதித்திருக்கிறார்கள். சூரியதேவன் மாதிரி. அவரைக் கிறிஸ்து என்றே பெரும்பாலோர் கொள்கிறார்கள். மல்கியா தீர்க்கன் சொன்ன நீதியின் சூரியன் என்ற பெயரை வைத்துக்கொண்டு, ஓவியன் தனக்குத் தெரிந்த சூரியனையே வரைந்துவிட்டான்.

இதற்குள் 'நாத்தாலிஸ்' ஊர் ஊராகப் போகத் தொடங்கிவிட்டது. இத்தாலியில் நத்தாலே, கத்தலோனியாவில் நதால், பிரான்சில் நொயேல், வேல்ஸ் மொழியில் நதோலிக், அயர்லாந்தில் நொல்லிக். (நொயேல் என்பதற்குப் பழைய காலிக் மொழியில் 'புதுச் சூரியன்' என்று பொருள் சொல்வது ஒரு கட்டுக்கதை. அங்கேயும் சூரியனைத் தேடுகிற ஆசைதான்.) வடக்கே போனால் நிலைமை வேறு. அங்கே சபை தன் சொல்லைக் கொண்டுபோய் நடவே இல்லை, ஊர்ச்சொல்லையே ஏற்றுக்கொண்டது. ஆங்கிலேயர் பழைய சமயத்தில் குளிர்கால மாதங்களை 'கியூலி' என்றார்கள் என்று 725இல் பீட் எழுதுகிறார். அதன் இனச்சொல்லான 'யூல்' இன்றும் ஸ்வீடன், நார்வே, டென்மார்க்கில் கிறிஸ்து பிறப்புப் பண்டிகையின் பெயர். பத்தாம் நூற்றாண்டு நார்வே அரசன் ஹாகோன், யூல் விருந்தைக் கிறிஸ்தவப் பண்டிகை நாளுக்கு நகர்த்திச் சட்டம் போட்டதாக அவர்களுடைய வரலாறு சொல்கிறது. பின்லாந்தில் கிறிஸ்மஸ் தாத்தாவுக்குப் பெயர் 'யூல் ஆடு'. பரிசு கொடுக்கிறவர் ஆடாக இருந்து மனிதரானவர்.

நம் 'கிறிஸ்மஸ்' மட்டும் என்ன? கிறிஸ்துவின் 'மாஸ்', அதாவது திருப்பலிப் பூசை. பூசை வேண்டாம் என்று பிரிந்து வந்த சபைகளில் வளர்ந்த நாங்கள், பூசையின் பெயராலேயே ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிக்கொள்கிறோம். பதினேழாம் நூற்றாண்டுப் பியூரிட்டன்களுக்கு இது உறுத்தியது. 'கிறிஸ்துவின் வேளை' என்று மாற்றிச் சொல்லிப் பார்த்தார்கள். நிலைக்கவில்லை.

போர்த்துக்கீசியர் கப்பல் ஏறியபோது 'நத்தால்' உப்புக்காற்றில் கலந்தது. 1497 கிறிஸ்து பிறப்பு நாளில் வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையோரமாகப் போய்க்கொண்டிருந்தன. அந்தக் கரைக்கு 'நத்தால் நிலம்' என்று பெயர் வைத்தார். பிரேசிலின் நத்தால் நகரம் 1599 டிசம்பர் 25இல் தோன்றியது. மராத்தியில் கிறிஸ்மஸ் 'நாதாள்', குஜராத்தியில் 'நாதால்', இந்தோனேசியாவில் 'நதால்'. நிலப்படத்தில் இந்த இடங்களைக் கோடிட்டு இணைத்தால் பழைய போர்த்துக்கீசியக் கடல்வழி வந்து நிற்கும்.

ஆப்பிரிக்க நத்தால் நமக்கு வேறு கதவு வழியாக வந்தது. 1860 நவம்பர் 16இல் சென்னையிலிருந்து 'டிரூரோ' கப்பல் டர்பனில் நங்கூரம் போட்டது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக 1911 வரை ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் இந்தியாவிலிருந்து போனார்கள்; தமிழர் ஏராளம். ஆங்கிலேயர் உச்சரிப்பில் அவர்கள் அதைக் கேட்டதால் தமிழில் அது 'நேட்டால்' ஆனது. ஆக, ஒரே லத்தீன் சொல் தமிழில் இரண்டு உருவத்தில் இருக்கிறது: பண்டிகை நத்தார், கூலிக்குப் போன சீமை நேட்டால். காந்தியின் சத்தியாக்கிரகத்தில் கலந்துகொண்ட தில்லையாடி வள்ளியம்மை சிறையிருந்த மாரிட்ஸ்பர்க் அந்த நேட்டாலில்தான். அவர் பிறந்த தேதியாகவும் 1914இல் உயிர் நீத்த தேதியாகவும் பிப்ரவரி 22ஐயே எழுதுகிறார்கள்.

நத்தாருக்கு வருவோம். 1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கீசியர் 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றி, 1658இல் ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். ஒல்லாந்தர் சீர்திருத்தச் சபையார். கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தார்கள், குருக்களைத் துரத்தினார்கள், ஆலயங்களைத் தங்களுடையதாக்கினார்கள். அலுவலகத்துக்குக் 'கந்தோர்' என்ற சொல்லை அவர்கள் தந்தார்கள். ஈழத்தமிழ் அதை வாங்கிக்கொண்டது. பண்டிகையின் பெயரை மட்டும் அவர்களால் மாற்ற முடியவில்லை. மறைந்து வாழ்ந்த அந்தச் சபையைத் தேடி 1687இல் கோவாவிலிருந்து வந்தவர் யோசே வாஸ் அடிகளார். 'நத்தால்' என்று சொல்லி வளர்ந்த கொங்கணிக்காரர். பிச்சைக்காரர் வேடத்தில் ஊர் ஊராக நடந்தார். 1689இல் நத்தார் இரவு வழிபாட்டுக்காக யாழ்ப்பாணத்தில் இரகசியமாகக் கூடிய கத்தோலிக்கரை ஒல்லாந்தச் சிப்பாய்கள் வளைத்துப் பிடித்தார்கள். அந்த இரவில் அவர்கள் வாயில் இருந்த சொல், பழைய ரோமாபுரியில் ஒரு சிறுதெய்வத்தின் பெயர் என்று யாராவது அவர்களிடம் போய் விளக்கியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்?

1816இல் யாழ்ப்பாணத்துக்கு அமெரிக்க மிஷனரிமார் வந்தார்கள். நியூ இங்கிலாந்துச் சபையார். அவர்களுடைய முன்னோர் ஆண்ட மாசசூசெட்ஸில் 1659இல் ஒரு சட்டம் இருந்தது: கிறிஸ்மஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். 1681இல் அதை நீக்கினார்கள் என்றாலும், டிசம்பரில் இந்தப் பண்டிகை வருவதே சாட்டர்னேலியாவால்தான் என்று பாஸ்டன் போதகர் இன்க்ரீஸ் மேத்தர் 1687இல் புத்தகம் எழுதினார். நம் துண்டுப்பிரசுரத்தின் பாட்டனார் ஹிஸ்லப் என்றால் முப்பாட்டனார் இவர். அந்தப் பரம்பரையிலிருந்து வந்தவர்கள் வட்டுக்கோட்டையில் 1823இல் செமினரி தொடங்கி, தமிழுக்கு அளப்பரிய தொண்டு செய்தார்கள். யாழ்ப்பாணத்துச் சீர்திருத்தச் சபையாரும் இன்று நத்தார் வாழ்த்துதான் சொல்கிறார்கள்.

விசுவாசி என்ற முறையில் என் கட்சியையும் சொல்லிவிடுகிறேன். லியோ திட்டிய ஆள் இன்னும் படியில் நிற்கிறான். முன்னணைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேறெதையோ கும்பிடுவது எங்களிடமும் உண்டு. இன்றைக்கு அது சூரியன் அல்ல, ஜவுளிக்கடைத் தள்ளுபடி. அதைத் திட்டிப் பிரசுரம் வந்தால் நானும் கூட நின்று விநியோகிப்பேன். ஆனால் சொல்லின் பூர்வீகத்தைக் காட்டிப் பண்டிகையை விலக்கச் சொல்வதை ஏற்கமாட்டேன். இரத்தசாட்சிகளின் கல்லறையில் ஒருமுறை கழுவப்பட்டு வந்த சொல் அது.

யோசே வாஸ் அடிகளார் பிறந்தது 1651 ஏப்ரல் 21. ரோமானியர் தங்கள் நகரத்தின் நாத்தாலிஸைக் கொண்டாடிய நாளும் அதுவே. அவர் கண்டியில் மரித்தது 1711 ஜனவரி 16. 2015இல் கொழும்பு காலிமுகத்திடலில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். திருச்சபைக் கணக்கில் அவருடைய பிறந்தநாள், அதாவது அவருடைய நத்தார், ஜனவரி 16.